பிக்கப்பின் மோவாயில் தொங்கும் கறுப்புப் பிளாஸ்டிக்: ஏர் டேமைக் கழற்றினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் புதிதாக பிக்கப் டிரக் வாங்கியவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சத்தம் பழகிப்போகும். வீட்டு வாசல் சரிவில் ஏறும்போது கீழேயிருந்து ‘சர்ர்ர்’ என்று ஓர் உரசல். கடை வாசலில் நிறுத்தும்போது, சக்கரத்தைத் தடுக்கப் போட்டிருக்கும் சிமென்ட் கட்டையில் இன்னொரு உரசல். இறங்கிக் குனிந்து பார்த்தால், முன் பம்பருக்குக் கீழே, வண்டியின் அகலம் முழுக்க ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். பாறையில் ஏறும், ஆற்றில் இறங்கும் என்று விளம்பரத்தில் பார்த்த வண்டி, கார் நிறுத்துமிடத்துக் கட்டையில் மோவாயைத் தேய்க்கிறது. எரிச்சல் வருவது நியாயம்தான். ஸ்பேனரை எடுத்து அரை மணி நேரத்தில் அதைக் கழற்றி கராஜ் மூலையில் போட்டவர்கள் ஏராளம்.

அந்தப் பட்டைக்குப் பெயர் ஏர் டேம். காற்றுக்குக் கட்டிய அணை. பார்ப்பதற்கு மலிவான துண்டுபோல் இருந்தாலும் அது மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது எரிபொருள் மிச்சம், இது பலருக்கும் தெரியும். இரண்டாவது இன்ஜின் குளிர்ச்சி, இதைக் கழற்றுகிறவர்களில் பாதிப் பேர் யோசிப்பதில்லை. மூன்றாவது, வேகத்தில் வண்டியின் மூக்கு நிலையாக இருப்பது. இவற்றில் எது உங்களுக்கு முக்கியம் என்பது உங்கள் டிரக் எந்தச் சாலையில் அதிகம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. “எடுத்தால் ஒன்றும் ஆகாது” என்பவரும் “எடுக்கவே கூடாது” என்பவரும் அவரவர் சாலையை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிக்கப்பின் அடிவயிறு கரடுமுரடானது. சட்டத்தின் இரண்டு இரும்புத் தண்டுகள், கியர் பெட்டி, டிரைவ் ஷாஃப்ட், புகைக்குழாய், பின் ஆக்ஸில், அதன் நடுவே உருண்டையான டிஃபரென்ஷியல், அதற்கும் பின்னால் தொங்கும் ஸ்டெப்னி டயர். வண்டிக்கு அடியில் புகும் காற்று இவை ஒவ்வொன்றிலும் மோதிச் சுழன்று சிதறுகிறது. ஒவ்வொரு மோதலும் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும். வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டு மடை திருப்புவதுபோல, ஏர் டேம் அந்தக் காற்றை வாசலிலேயே மறித்து இரண்டு பக்கமும் திருப்பிவிடுகிறது. பக்கவாட்டில் வழவழப்பான கதவுகள்தான் இருக்கின்றன. காற்று அங்கே சுலபமாக வழுக்கிப் போய்விடும். சொகுசுக் கார்களில் அடிப்பகுதி முழுவதையும் தட்டையான தகடுகளால் மூடி இதே பலனைப் பெறுகிறார்கள். பெரிதாக மேலும் கீழும் ஆடும் ஆக்ஸிலும் சூடான புகைக்குழாயும் உள்ள டிரக்கில் அப்படி மூடுவது செலவும் சிரமமும் பிடித்த வேலை. அதனால் சில கிலோ பிளாஸ்டிக்கில் காரியத்தை முடிக்கிறார்கள்.

இதனால் எவ்வளவு மிச்சம்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஒரு முழு அளவு பிக்கப்பின் முன்பரப்பு 3.5 சதுர மீட்டர், அதன் இழுவைக் குணகம் (வண்டியின் வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்று சொல்லும் எண்) 0.40 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்று ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வண்டியைப் பின்னுக்குத் தள்ளும். 120 கி.மீ. வேகத்தில் அதுவே 95 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான சக்தியோ எட்டு மடங்கு, அதாவது 5 குதிரைத் திறனிலிருந்து 42 குதிரைத் திறனுக்கு. இப்போது ஏர் டேமை எடுத்ததால் குணகம் 0.40-லிருந்து 0.42 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 5 சதவீத உயர்வு. நகரத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. 120 கி.மீ. வேகத்தில் கூடுதலாக 2 குதிரைத் திறன் போகும், எரிபொருளில் 2 முதல் 3 சதவீதம் கூடும். கேலனுக்கு 20 மைல் கொடுத்த வண்டி 19.5 கொடுக்கும்.

ஏர் டேம் என்ற இந்த அட்டை இன்னும் ஆழமாகத் தொங்கினால் இன்னும் மிச்சம் ஆகுமே என்று தோன்றும். அப்படி இல்லை. அட்டையின் முகமும் காற்றில் மோதுகிறது. ஓர் அளவுக்குமேல் இறக்கினால், அடிவயிற்றில் மிச்சமாவதைவிட முகத்தில் இழப்பது அதிகமாகிவிடும். அந்த அளவு எது என்பதைக் காற்றுக் குகையில், அதாவது நிற்கும் வண்டியின்மேல் பெரிய விசிறியால் காற்றைப் பாய்ச்சும் சோதனைக் கூடத்தில், வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் மிச்சிகனின் வாரன் நகரில் 1980-ல் திறந்த காற்றுக் குகையில் சுழலும் விசிறியின் விட்டம் 43 அடி. மேலே காற்று, கீழே சிமென்ட் கட்டை, இரண்டுக்கும் நடுவே பேரம் பேசி முடிவான உயரத்தில்தான் அந்த அட்டை தொங்குகிறது.

நிஜ உதாரணத்துக்கு செவர்லே கொலராடோவை எடுத்துக்கொள்ளலாம். 2015 மாடலாக வந்த இரண்டாம் தலைமுறை கொலராடோவின் ஏர் டேம் மிகவும் தாழ்வாக இருந்தது. வாங்கியவர்கள் முதலில் கை வைத்ததும் அதில்தான். பிறகு 2017-ல் அதே வண்டியின் காட்டுப்பாதை வடிவமாக ZR2 வந்தது. அட்டை கிடையாது, பம்பர் மேலே ஏறிவிட்டது, வண்டி 2 அங்குலம் உயரம், சக்கர அகலம் கூடுதல், டயர்கள் முரட்டு டயர்கள். அரசு மதிப்பீட்டில், சாதாரண நான்கு சக்கர இயக்க வி6 கொலராடோ நகரத்தில் கேலனுக்கு 17 மைல், நெடுஞ்சாலையில் 24 மைல். ZR2 நகரத்தில் 16, நெடுஞ்சாலையில் 18. நகரத்தில் ஒரே ஒரு மைல்தான் குறைந்திருக்கிறது, நெடுஞ்சாலையில் ஆறு மைல். இந்த ஆறையும் அட்டையின் கணக்கில் எழுத முடியாது. உயரம், டயர், அகலம் எல்லாமே அதில் பங்குதாரர்கள். ஆனால் இழப்பு எந்த வேகத்தில் நடக்கிறது என்பதை இந்த எண்கள் நன்றாகவே காட்டுகின்றன.

அப்படியானால் கழற்றியவர்கள் பலர் “மைலேஜ் துளியும் குறையவில்லை” என்று சத்தியம் செய்வது எப்படி? அவர்கள் பொய் சொல்லவில்லை. 105 கி.மீ. வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே மணிக்கு 15 கி.மீ. காற்று வீசினால், வண்டிக்கு அது 120 கி.மீ. வேகக் காற்று. எதிர்ப்பு 30 சதவீதம் கூடிவிடும். சாதாரணத் தென்றலே 30 சதவீதம் ஆட்டும்போது, அட்டையின் 5 சதவீதம் எங்கே கண்ணில் படப்போகிறது? டயர் காற்று, குளிர்காலப் பெட்ரோல், ஏசி என்று இன்னும் பல சேர்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் ஒரே பாதையில் ஓட்டிக் குறித்து வைத்தால்தான் அந்த வித்தியாசம் தலை காட்டும். தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் வேறு வேறு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இப்போதைய வி8 இன்ஜின்கள் சுமை குறைவாக இருக்கும்போது சில சிலிண்டர்களை நிறுத்திவிடும். செவர்லேயின் முழு அளவு பிக்கப்பான சில்வராடோவில் 2019 மாடலில் வந்த அமைப்பு 17 விதமாக சிலிண்டர்களை மாற்றி மாற்றி இயக்கும். சமவெளியில் நிதானமாகப் போகும்போது கூடுதலாக 2 குதிரைத் திறன் கேட்டால், தூங்க வேண்டிய சிலிண்டர் சற்று முன்னதாகவே எழுந்துவிடும்.

சரி, தனி மனிதருக்கு இந்த நஷ்டம் எவ்வளவு? ஆண்டுக்கு 15,000 மைல், முழுவதும் நெடுஞ்சாலை என்று வைத்தால் ஏறத்தாழ 19 கேலன், அதாவது 72 லிட்டர். வருத்தப்படும் அளவுக்குப் பெரிதில்லை. இதையே தொழிற்சாலையின் பக்கம் நின்று பாருங்கள். சில்வராடோ அமெரிக்காவில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குமேல் விற்கும் வண்டி. 19 கேலனை 5 லட்சத்தால் பெருக்கினால் 95 லட்சம் கேலன். பாதியாகக் குறைத்துக் கணக்குப் போட்டாலும் பெரிய தொகைதான்.

இதன் பின்னால் சட்டமும் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஒரு நிறுவனம் விற்கும் வண்டிகளின் சராசரி மைலேஜ் குறிப்பிட்ட அளவை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் குறையும் ஒவ்வொரு 0.1 மைலுக்கும், விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் அபராதம். அந்த மைலேஜைக் கணக்கிட முதலில் வண்டியை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் தானாக உருளவிட்டு, எவ்வளவு நேரத்தில் வேகம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். அந்த எண்ணைத்தான் ஆய்வகத்து உருளைகளில் ஏற்றி மைலேஜ் சோதனை நடத்துகிறார்கள். உருளவிடும்போது அட்டை காற்றைத் திருப்பினால் அந்தப் பலன் அப்படியே மதிப்பீட்டில் ஏறும். 2025 ஜூலையில் கையெழுத்தான ஒரு சட்டம் இந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதனால் அட்டை மறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. புது வண்டியில் மைலேஜை எழுதி ஒட்டும் ஜன்னல் ஸ்டிக்கரில் பக்கத்துக் கடை வண்டியைவிட ஒரு மைல் கூடுதலாகக் காட்டும் ஆசை அபராதத்தை நம்பி இருந்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே அரசின் இன்னொரு விதி வண்டியின் மூக்கை மேலே தூக்கச் சொல்கிறது. எஸ்யூவி போன்ற வண்டியை லாரி வகையில் சேர்த்து எளிய மைலேஜ் இலக்கைப் பெற வேண்டுமானால், ஐந்து அளவுகளில் குறைந்தது நான்கில் தேற வேண்டும். அவற்றில் முதலாவது, முன்சக்கரத்துக்கும் மூக்குக்கும் இடையே உள்ள ஏறு கோணம் 28 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது. பிக்கப்புக்குத் திறந்த சரக்குத் தொட்டி இருப்பதால் அது தானாகவே லாரி ஆகிவிடுகிறது. ஆகவே மூக்கு எவ்வளவு தாழ்ந்தாலும் அதற்குக் கவலையில்லை.

இனி இரண்டாவது வேலை. எரிபொருளைவிட இதைப் பற்றித்தான் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் இதில் தவறினால் இழப்பது இன்ஜினையோ கியர் பெட்டியையோ.

முன்னால் கிரில் திறந்திருந்தால் காற்று தானாக ரேடியேட்டருக்குள் போய்விடும் என்று நினைக்கிறோம். உள்ளே போன காற்று வெளியே போக வழி வேண்டும். ரேடியேட்டரின் முன்பக்கம் அழுத்தம் அதிகமாகவும் பின்பக்கம் குறைவாகவும் இருந்தால்தான் காற்று அதன் வழியாகப் பாயும். ஏர் டேம் தனக்குப் பின்னால், இன்ஜின் அறைக்கு அடியில், ஒரு குறைந்த அழுத்தப் பகுதியை உண்டாக்குகிறது. சூடான காற்றை அது கீழே உறிஞ்சி வெளியேற்றும். அட்டையை எடுத்துவிட்டால் அடியில் வேகமாகப் புகும் காற்று இன்ஜின் அறைக்குள்ளும் ஏறி அங்கே அழுத்தத்தைக் கூட்டும். கூட்டம் நிறைந்த பேருந்தில் இறங்கும் வழி அடைத்தால் ஏறும் வழியும் நின்றுவிடுவதுபோல, ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று குறைந்துவிடும்.

இதன் தீவிரமான வடிவத்தை 1982 முதல் 1992 வரை வந்த பான்டியாக் ஃபயர்பேர்டிலும், 1984 மாடலோடு தொடங்கிய நான்காம் தலைமுறை கார்வெட்டிலும் பார்க்கலாம். அவற்றின் மூக்கு மிகவும் கூர்மையானது, காற்றை வாங்குவதே கீழ்ப்பக்கம். அடியில் உள்ள அட்டை உடைந்துபோன பழைய ஃபயர்பேர்டை வாங்கிவிட்டு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. குற்றவாளி கடைசியில் அந்தத் துண்டுப் பிளாஸ்டிக்தான். கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் விசிறியில் கோளாறு. நெரிசலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். மெதுவாகப் போகும்போது காற்றை இழுப்பது விசிறி, வேகத்தில் இழுப்பது அழுத்த வித்தியாசம்.

பிக்கப்பின் கிரில் பெரிது, அதனால் ஃபயர்பேர்டின் அளவுக்கு மோசமாகாது. வெறும் வண்டியாக ஓட்டினால் பெரும்பாலும் வெப்பம் காட்டும் முள் அசையாது. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய டிரக்குகளின் கையேட்டில் இதைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறது. காட்டுப்பாதைக்குப் போகும்போது அட்டையைக் கழற்றலாம், அது இல்லாமல் நீண்ட நாள் ஓட்டினால் இன்ஜினுக்கு முறையான காற்றோட்டம் கிடைக்காமல் போகலாம், திரும்பி வந்ததும் மாட்டிவிடுங்கள் என்பது அதன் சாரம்.

டிரெய்லர் இழுப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். ஒரு பிக்கப் எவ்வளவு எடையை இழுக்கும் என்று சொல்லும் எண் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரநிலையின்படி வருவது. அரிசோனாவில் டேவிஸ் டேம் என்ற அணைக்குப் பக்கத்தில் தொடங்கும் ஏற்றச் சாலைதான் அதன் பரீட்சை. 11 மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் 3,000 அடி ஏற வேண்டும், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏசி முழு வேகத்தில், பின்னால் முழுச் சுமை. அப்படி வாங்கிய எண், வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்படி வருகிறதோ அந்த நிலைக்குரியது. அட்டையைக் கழற்றிய பிறகும் அதே எண்ணை நம்பி 4 டன்னை மாட்டிக்கொண்டு ஜூலை மாதத்தில் மலை ஏறுவது, அளந்து பார்க்காத கடனை வாங்குவது போன்றது. அப்போது முதலில் திணறுவது பெரும்பாலும் கியர் பெட்டி எண்ணெய். அதன் குளிர்விப்பானும் ரேடியேட்டருக்கு முன்னால் அதே காற்றை நம்பித்தான் இருக்கிறது.

“சில்வராடோவின் காட்டுப்பாதை வடிவமான டிரெயில் பாஸில் அட்டையே கிடையாது, அது ஓடவில்லையா?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அது ஓடும், ஏனென்றால் அந்த வடிவத்தை அட்டை இல்லாமலே சோதித்து, பம்பர், அடித்தகடு எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாகத் தீர்மானித்து விற்கிறார்கள். அந்தத் தொகுப்பில் ஒன்றை மட்டும் நம் வண்டிக்குக் கடன் வாங்க முடியாது.

மூன்றாவது வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அடியில் காற்று குறைந்தால் மூக்கைத் தூக்கும் விசையும் குறையும், முன் டயர்கள் சாலையை நன்றாகப் பிடிக்கும். மணிக்கு 110 கி.மீ.க்குமேல், பக்கக் காற்று வீசும் நாளில், ஸ்டீயரிங் லேசாகிவிட்டதுபோல் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. வண்டியின் முன்பக்கத்தை 2 அங்குலம் உயர்த்தும் லெவலிங் கிட்டையும் சேர்த்துப் போட்டவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

இத்தனை பேருடைய எரிச்சலும் நிறுவனங்களின் காதில் விழாமல் இல்லை. 2019 ராம் 1500-ல் ஏர் டேம் மடங்கி மேலே இருக்கும், மணிக்கு 35 மைல் வேகத்தைத் தொட்டதும் இரண்டரை அங்குலம் கீழே இறங்கும். அந்த வண்டியின் இழுவைக் குணகம் 0.357 என்று ராம் அறிவித்தது. 2021 ஃபோர்டு எஃப்-150-லும் இப்படித் தானாக இயங்கும் அட்டை வந்தது. உங்கள் வண்டியில் இந்த வகை இருந்தால் கழற்றாதீர்கள் என்றே சொல்வேன். நிறுத்துமிடத்தில் அது தானாக மேலே போய்விடுகிறது, உரசல் பிரச்சினை பெருமளவு இல்லை. மேலும் அதற்கு மோட்டாரும் ஒயரும் உண்டு. பிடுங்கிவிட்டால் கம்ப்யூட்டர் அதைத் தேடி டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கைப் போடக்கூடும்.

கழற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. தாழ்ந்த அட்டை இருக்கும்போது கொலராடோவின் ஏறு கோணம் 20 டிகிரிக்கும் கீழே. ZR2-வுக்கு அது 30. காட்டுப்பாதையில் இது மைலேஜைவிட முக்கியமான எண். ஜீப் கிராண்ட் செரோக்கியில் முன் பம்பரின் கீழ்ப்பகுதியைக் காட்டுக்குப் போகுமுன் கழற்றிக்கொள்ளும்படியே செய்திருந்தார்கள். பண்ணை வழிகளிலும் கட்டுமான இடங்களிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு, மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டாத வாழ்க்கைக்கு, அந்த அட்டை வெறும் சுமைதான். மினசோட்டா, மிச்சிகன் பக்கம் குளிர்காலத்தில் பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகி, பனிக் குவியலில் ஒரு முட்டு முட்டினால் பாதியாக உடைந்து தொங்கும். தொங்கும் துண்டு டயரில் சிக்குவதைவிடக் கழற்றிவிடுவது மேல். அதே சமயம் சிமென்ட் கட்டையில் உரசுகிறது என்பது மட்டும் காரணமென்றால் எனக்கு அது போதாது. உரசினால் வளைந்து மீளட்டும் என்றுதான் அதை மெல்லிய, இழுபடும் பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். சத்தம் பெரிது, சேதம் சிறிது.

வேலை எளிது. வண்டியைத் தூக்கத் தேவையில்லை. சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பம்பருக்கு அடியில் படுத்தால் கைக்கு எட்டும். சிறிய தலை போல்ட்டுகளும் பிளாஸ்டிக் கிளிப்புகளும்தான். கிளிப்பின் நடு ஊசியை முதலில் வெளியே எடுக்காமல் நெம்பினால் உடையும். சில வண்டிகளில் பிரேக்கைக் குளிர்விக்கக் காற்று கொண்டுபோகும் குழலும் அதே அட்டையில் சேர்ந்திருக்கும், இழுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வாரன்டி முழுவதும் போய்விடும் என்ற பயம் வேண்டாம். வாரன்டி பற்றிய 1975-ன் மாக்னசன்-மாஸ் சட்டம் நுகர்வோர் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. இருந்தாலும் சூடேறி கியர் பெட்டி போனால், கையேட்டில் எழுதியிருந்ததே என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

கழற்றுமுன் ஒரு வேலை செய்யுங்கள். வழக்கமாகப் போகும் ஒரு நெடுஞ்சாலைப் பாதையில், வழக்கமான சுமையோடு, கூலன்ட் வெப்பத்தையும் கியர் எண்ணெய் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான புது டிரக்குகளில் திரையிலேயே தெரியும், இல்லாவிட்டால் ஓபிடி துளையில், அதாவது மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் துளையில், செருகும் சின்னக் கருவி போதும். கழற்றிய பிறகு, வெயில் ஏறக்குறைய அதே அளவு இருக்கும் நாளில், அதே பாதையில் அதே வேகத்தில் மறுபடி பாருங்கள். எரிபொருள் வித்தியாசம் காற்றில் ஒளிந்துகொள்ளும். வெப்ப வித்தியாசம் அவ்வளவு சுலபமாக ஒளிந்துகொள்ளாது.

யூட்டாவின் மோவாப் பாறைகளில் இரண்டு நாள் ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால், அட்டையை அங்கே முகாமில் கழற்றி, போல்ட்டுகளையும் கிளிப்புகளையும் ஒரு பையில் போட்டு அதன் மேலேயே ஒட்டி, பின்தொட்டியில் வைத்துவிடுங்கள். திரும்பும்போது ஊர் எல்லையிலேயே மாட்டிவிடலாம், இருபது நிமிட வேலைதான். அங்கிருந்து 191-ஆம் சாலையில் வடக்கே 30 மைல் போனால் ஐ-70 வரும். அதில் வண்டிகள் மணிக்கு 75, 80 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.